ஒரு பெட்டிக்குள் எட்வர்ட் லியரின் கிளிகள்

பறவை ஓவியர் எட்வர்ட் லியர் வரைந்த கிளிப் படங்களின் மறுஅச்சுப் பெட்டி ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். 20 படத்தாள்கள், அவர் படம் தீட்டுவதற்கு முன் பயன்படுத்திய ஆய்வுத்தாள்கள் மூன்றின் நகல்கள், ஆங்கிலத்தில் 48 பக்கச் சிறுநூல் ஒன்று, இவற்றை அடக்கிய துணி ஒட்டிய கெட்டி அட்டைப் பெட்டி ஆகியவையே பொருள். வெளியிட்டவர் யார் என்பதை இங்கே குறிப்பிடப் போவதில்லை. லியரின் படங்கள் காப்புரிமைக் காலத்தைக் கடந்தவை என்பதால் பலரும் அவற்றை அச்சிட்டு விற்கிறார்கள். நான் சொல்லவிருப்பவை அவற்றில் எதை வாங்க நினைப்பவருக்கும் பயன்படக்கூடும்.

மூலத்தைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் மறுஅச்சின் தரத்தை எடைபோட முடியாது. 1830ஆம் ஆண்டு, லியருக்கு 18 வயதிருக்கும்போது, லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் இருந்த விலங்கியல் சங்கத்தின் தோட்டத்தில் கிளிகளை வரைய அனுமதி பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் தொடங்கி 1832 வரை, முன்பணம் செலுத்திய சந்தாதாரர்களுக்காகப் பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட 42 வண்ணப் படங்களே பிறகு கிளிக் குடும்பத்தைப் பற்றிய பெரும் படநூலாக அறியப்பட்டன. ஒரே ஒரு பறவைக் குடும்பத்துக்கென்று இங்கிலாந்தில் வெளிவந்த முதல் வண்ணப் படநூல் அது என்பது பறவை நூல்களின் வரலாற்றில் வழக்கமாகக் குறிப்பிடப்படும் செய்தி. 175 படிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அவர் வரம்பு வைத்திருந்தார். அச்சுக்கும் வண்ணம் பூசுவோருக்கும் கொடுக்கப் பணம் போதாமல், திட்டமிட்ட அளவை எட்டும் முன்பே தொடர் நின்றுபோனது.

அந்தக் காலத்துப் பறவை ஓவியர்களில் பெரும்பாலோர் பஞ்சு அடைத்த தோல்களைப் பார்த்தே வரைந்தார்கள். தோலில் இறகின் நிறம் ஓரளவு நிலைக்கும். ஆனால் கண்ணின் நிறமும், அலகைச் சுற்றியுள்ள இறகில்லாத சதைப்பகுதியின் நிறமும், கால்களின் நிறமும் பறவை இறந்த சில நாட்களிலேயே மங்கிவிடும். பதம்செய்பவர் எப்படி வளைத்து வைத்தாரோ அப்படித்தான் கழுத்தும் இருக்கும். லியர் முடிந்தவரை உயிருள்ள பறவையை முன்னால் வைத்துக்கொண்டு வரைந்தார். தோட்டத்துப் பணியாளர் கிளியைப் பிடித்துக்கொள்ள, சிறகின் நீளத்தையும் காலின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொண்ட பிறகே பென்சிலைத் தொட்டார். கிளிகளுக்கு இடையிலேயே நாள் முழுவதையும் கழித்த அந்த மாதங்களில், தாம் இறந்தபின் தமது உயிர் வேறு உடலில் புகுமானால் கிளியின் உடலைத் தவிர வேறெதிலும் அதற்கு வசதிப்படாது என்று ஒரு கடிதத்தில் வேடிக்கையாக எழுதினார். அவர் வரைந்த கிளி ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பறவையாக, தனக்கென்று ஒரு மனநிலை கொண்டதாகத் தோன்றுவது இதனால்தான்.

அவர் தேர்ந்துகொண்ட அச்சுமுறையும் இதற்கு இசைவானது. செப்புத்தகட்டில் அச்சிட்டால் ஓவியரின் கோட்டைச் செதுக்குபவர் ஒருவர் இடையில் நின்று தம் கைப்பட மாற்றி எழுதுவார். கல்லச்சு முறையில், சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்புக் கலந்த சுண்ணக்கோலால் ஓவியரே வரையலாம்; கல்லை நனைத்து மை உருட்டினால், நீரும் கொழுப்பும் ஒன்றையொன்று விலக்குவதால் கோடு விழுந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். தாளில் படம் இடவலமாகத் திரும்பி விழும் என்பதை மனத்தில் வைத்துத் தலைகீழ்க் கணக்கில் வரையவேண்டியிருக்கும். லியர் அதைத் தாமே செய்தார். அச்சிட்டுத் தந்தவர் லண்டனில் அந்தத் தொழிலில் முன்னணியில் இருந்த சார்ல்ஸ் ஹல்மாண்டல். தேவையான படிகள் எடுக்கப்பட்டதும் கல்லின் முகத்தைத் தேய்த்து அழித்துவிட்டு, அடுத்த படத்தை அதிலேயே வரைந்தார்கள். ஆகவே மூலக் கல்லிலிருந்து இனி ஒருபோதும் புதிதாக அச்சிட முடியாது. இன்று கிடைக்கும் எந்த மறுஅச்சும், எஞ்சியுள்ள ஏதோ ஒரு படியைப் படம் பிடித்து அதிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும்.

இனிப் பெட்டிக்கு வருகிறேன். தாள் கனமானது, பளபளப்பில்லாதது, அமிலமற்றது என்று பெட்டியின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கிறது. விரலுக்கும் அப்படியே தெரிகிறது. மூலத்தாள் ஏறத்தாழ 55 செ.மீ. உயரம், இந்தப் பெட்டியில் உள்ளது 40 செ.மீ. இந்தச் சுருக்கத்தை நான் குறையாகச் சொல்லமாட்டேன், ஏனெனில் 55 செ.மீ. தாளை வைக்க என்னிடம் மேசையும் இல்லை, அலமாரியும் இல்லை. ஆனால் சுருக்கியவர்கள், படத்தை மட்டும் சுருக்கி அடியில் உள்ள வரியை வெட்டிவிட்டார்கள். வரைந்ததும் கல்லில் தீட்டியதும் லியர் என்றும், அச்சிட்டவர் ஹல்மாண்டல் என்றும் மூலத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் சிறிய எழுத்தில் இருக்கும். 20 தாள்களில் 6 தாள்களில் மட்டுமே அந்த வரி தப்பியிருக்கிறது. மற்றவற்றில் அது இருந்த இடத்தில், பறவையின் இன்றைய பெயரை அழகான புது எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பெயர் வேண்டியதுதான், அதைத் தாளின் பின்பக்கத்தில் போட்டிருக்கலாம்.

அச்சின் தரத்தைச் சோதிக்க இரண்டு படங்களை எடுத்துக்கொண்டேன். முதலாவது நீல மக்காவ். பஞ்சவர்ணக்கிளி என்று நாம் பொதுவாகச் சொல்லும் பெருங்கிளிகளின் இனத்தைச் சேர்ந்தது. இந்தப் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. லியர் இதை ஹயசிந்த் மக்காவ் என்ற பெயரில் வெளியிட்டார். அன்று நன்கு அறியப்பட்டிருந்த பெரிய நீல மக்காவ் அதுதான். ஆனால் ஹயசிந்த் மக்காவின் உடல் முழுவதும் ஒரே அடர்நீலம். கீழ் அலகின் அடியை ஒட்டி மஞ்சள் தோல் மெல்லிய பிறைபோல் வளைந்திருக்கும். லியரின் படத்தில் உள்ள பறவையின் தலையும் கழுத்தும் சாம்பலும் பச்சையும் கலந்த மங்கிய நீலம். மஞ்சள் தோல் பிறையாக இல்லாமல், கண்ணீர்த்துளிபோல் அகன்று கன்னத்தில் இறங்குகிறது. 1856இல் பறவையியலாளர் சார்ல் லூசியன் பொனபார்ட் இது வேறு இனம் என்று பிரித்து, அதற்கு லியரின் பெயரையே சூட்டினார். அந்த இனம் எங்கே வாழ்கிறது என்பது அதற்குப் பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தெரியாமல் இருந்து, 1978இல்தான் பறவையியலாளர் ஹெல்முட் சிக் பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் அதைக் கண்டுபிடித்தார். பெயரில் தவறிய இளைஞர் நிறத்திலும் வடிவத்திலும் தவறவில்லை. கூண்டில் இருந்தது எதுவோ அதை வரைந்தாரே தவிர, பெயர்ப்பலகை சொன்ன பறவையை வரையவில்லை.

இந்தப் பெட்டியில் உள்ள படத்தில் மஞ்சள் தோலின் வடிவம் சரியாக இருக்கிறது. நீலத்தைக் கெடுத்துவிட்டார்கள். பார்ப்பவர் கண்ணை உடனே இழுக்கவேண்டும் என்று நிறச்செறிவை ஒட்டுமொத்தமாக ஏற்றியிருக்கிறார்கள் போலும். தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறிய வேறுபாடு ஏறக்குறைய மறைந்து, தலை உடலைப் போலவே மின்னுகிறது. அதாவது, எந்த நுணுக்கம் இந்தப் பறவையைத் தனி இனமாகக் காட்டியதோ அதில் பாதியை மறுஅச்சு துடைத்துவிட்டது. பெரிய நூலகங்கள் இணையத்தில் கட்டணமின்றித் தரும் நிழற்படத்தைத் திரையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திரைக்குத் திரை நிறம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே திரையில், ஒரே படத்தில், தலைக்கும் முதுகுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. தாளில் அதைத் தேடவேண்டியிருக்கிறது.

இரண்டாவதாக எடுத்தது, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மட்டும் வாழும் நீலச்சிறகுக் கிளி. கடல் கடந்த பறவைகளின் நடுவே நமக்குத் தெரிந்த முகம் என்பதால் மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதன் தலையிலும் மார்பிலும் உள்ள புறாச் சாம்பலுக்காகவே எடுத்தேன். அதன் அறிவியல் பெயரும் புறாவை ஒத்தது என்ற பொருளைத் தருவதுதான். ஆஃப்செட் அச்சில் மிகவும் தொல்லை கொடுக்கும் நிறம் சாம்பல். நீலம், செந்நீலம், மஞ்சள் ஆகிய மூன்று மைகளின் புள்ளிகள் சரியான விகிதத்தில் கூடினால்தான் சாம்பல் சாம்பலாக நிற்கும். ஒன்று சற்று மிகுந்தாலும் முழுப் பரப்பும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். இங்கே மார்பு கத்திரிப்பூ நிறத்துக்குச் சாய்ந்திருக்கிறது. காட்டில் அந்தப் பறவையைப் பார்த்தவர்கள் யாரும் இதை ஒப்பமாட்டார்கள். கழுத்தைச் சுற்றிய கருவளையமும் அதன் கீழுள்ள நீலப்பச்சைப் பட்டையும் மட்டும் நன்றாக வந்திருக்கின்றன.

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் எங்கும் புள்ளிகள். இது எல்லா ஆஃப்செட் அச்சிலும் இருப்பதுதான், மறுஅச்சு வாங்குபவர் இதை ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும். ஆனால் லியரின் சுண்ணக்கோல் கல்லின் சொரசொரப்பில் உரசிச் செல்லும்போது எழும் மணல்போன்ற கோட்டை இந்தப் புள்ளிகள் விழுங்கிவிடுவது வருத்தம் தருகிறது. இறகின் நடுநரம்பை அவர் வரைந்திருக்கும் விதம், ஒவ்வோர் இறகும் மற்றதன் மேல் எப்படிப் படிந்திருக்கிறது என்பதைக் காட்டும் அந்த மெல்லிய நிழல், இவை சுருக்கத்திலும் புள்ளியிலும் மங்கிவிடுகின்றன. மூலப்படிகளில் இறகின் பளபளப்புக்காகவும் கண்ணின் ஒளிக்காகவும் முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசியதுண்டு. அதைப் பின்பற்றுவதாக எண்ணி, இந்தப் பதிப்பில் கண்மணியின் மேல் மட்டும் பளபளப்பு வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். விளக்கின் கீழே தாளைச் சாய்த்தால் 20 கிளிகளும் ஒரே மாதிரி கண்ணடிக்கின்றன.

கையால் வண்ணம் பூசியவர்களைப் பற்றிச் சிறுநூலில் ஒரு பத்திகூட இல்லை. கல்லச்சிலிருந்து வந்தது கறுப்புக் கோடுகள் கொண்ட தாள் மட்டுமே. லியர் நிறம் தீட்டிக் கொடுத்த மாதிரிப் படியைப் பார்த்து, ஒவ்வொரு தாளுக்கும் கூலிக்கு வண்ணம் பூசியவர்கள் இருந்தார்கள். ஆகவே ஒரு படியின் பச்சையும் இன்னொரு படியின் பச்சையும் முற்றிலும் ஒன்றாக இருக்க வழியில்லை. எந்த நூலகத்தின் எந்தப் படியைப் பார்த்து இந்த மறுஅச்சு எடுக்கப்பட்டது என்று சொல்லியிருக்கவேண்டாமா? சொல்லவில்லை. மேலே நான் குற்றம் சாட்டிய கத்திரிப்பூச் சாயலில் ஒரு பகுதி, 1832இல் கை தவறிய யாரோ ஒருவருடையதாகவும் இருக்கலாம் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு குறைகளுக்குப் பிறகும் இந்தப் பெட்டியை நான் திருப்பி அனுப்பாததற்குக் காரணம் அந்த மூன்று ஆய்வுத்தாள்கள். லியரின் முன்வரைவுகள் பெருந்தொகையாக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பெட்டியில் உள்ள தாள்களில் அலகின் வளைவு மூன்று முறை திருத்தி வரையப்பட்டிருக்கிறது. பென்சில் கோட்டை அழிக்காமல், அதன் மேலேயே அடுத்த முடிவை எழுதியிருக்கிறார். ஓரத்தில் சிறு சிறு சதுரங்களாக நிறங்களைப் பூசிப் பார்த்திருக்கிறார். இறகில் எந்த இடத்தில் எந்த நிறம் எந்த அளவுக்குக் கூடுகிறது என்று பொடி எழுத்தில் குறித்திருக்கிறார். ஒரு தாளில், கூண்டின் முன் நின்று தம்மையும் கிளியையும் வேடிக்கை பார்த்தவர்களின் முகங்களை ஓரத்தில் கேலியாகக் கிறுக்கிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் வேடிக்கைப் பாடல்களுக்கு அவர் வரைந்த கோட்டுப்படங்களின் முகங்கள் அங்கேயே பிறந்துவிட்டன என்று எனக்குத் தோன்றியது. இந்தத் தாள்களை அச்சிட்டவர்கள், நல்லவேளையாக, இவற்றை அழகுபடுத்த முனையவில்லை. தாளின் பழுப்பும், மடிப்பின் தழும்பும், விரல் பட்ட கறையும் அப்படியே இருக்கின்றன. படத்தாள்களில் வெண்மையாக்கி அழித்துவிட்ட அதே தாள்பழுப்பு இங்கே இருப்பதால்தான், பூசிப் பார்த்த நிறம் எவ்வளவு மென்மையானது என்பது தெரிகிறது. மூன்றுக்குப் பதிலாகப் பத்து ஆய்வுத்தாள்களும், இருபதுக்குப் பதிலாகப் பத்துப் படங்களும் வைத்திருந்தால் இதற்கு இரட்டிப்பு விலை கொடுத்திருப்பேன்.

சிறுநூல் ஏமாற்றம் தருவது. 1812இல் லண்டனின் ஹாலோவே பகுதியில் பிறந்தது, 21 பிள்ளைகள் பிறந்த குடும்பத்தில் 20ஆவதாக வந்தது, தந்தையின் பணநெருக்கடி, 20 வயதுக்கு மேல் மூத்த அக்காள் ஆன் அவரைத் தாய்போல் வளர்த்தது, சிறுவயது முதல் இருந்த வலிப்பு நோய், பதின்வயதிலேயே விசிறிகளுக்கு வண்ணம் பூசியும் மருத்துவர்களுக்கு நோய்ப்படங்கள் வரைந்தும் பிழைத்தது ஆகியவை சுருக்கமாகவும் சரியாகவும் வந்திருக்கின்றன. அதன் பிறகு நூல் 1846இல் வெளிவந்த வேடிக்கைப் பாடல்களுக்குத் தாவி, கடைசிவரை அங்கேயே தங்கிவிடுகிறது. பறவைகளோடு அவர் கழித்த ஏழாண்டுகளுக்குக் கிடைத்திருப்பவை 9 பக்கங்கள். கிளிப்படப் பெட்டிக்குள் வைக்க எழுதிய நூலில் இது எப்படி நேர்ந்தது என்று புரியவில்லை.

விட்டுப்போனவற்றில் முக்கியமானது, பறவைப் படநூல்களை வெளியிட்ட ஜான் கூல்டுடன் அவருக்கு இருந்த தொடர்பு. கிளித்தொடர் நின்ற பிறகு லியர் கூல்டின் ஐரோப்பியப் பறவைகள் நூலுக்காக உழைத்தார். அந்தத் தொகுப்பின் 448 படங்களில் 68 அவருடையவை. பெரிய ஆந்தையும் கழுகினங்களும் போன்ற கம்பீரமான பறவைகள் பெரும்பாலும் அவர் பங்குக்கே வந்தன. கூல்டின் மனைவி எலிசபெத் சிறந்த பறவை ஓவியர். கல்லில் வரையும் நுட்பத்தில் அவருக்கு லியர் துணைசெய்தார். தொழில்முனைவராகத் தேர்ந்த கூல்டு தம் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டார் என்ற மனக்குறை லியருக்குக் கடைசிவரை இருந்தது. அதே ஆண்டுகளில், பிற்பாடு 13ஆம் டெர்பி பிரபுவான ஸ்டான்லி, தமது நோஸ்லி மாளிகையில் வைத்திருந்த பெரும் விலங்கு, பறவைத் தொகுதியை வரைய அவரை அழைத்தார். அந்த வீட்டுக் குழந்தைகளை மகிழ்விக்கவே லியர் வேடிக்கைப் பாடல்களை எழுதினார் என்பதை மட்டும் சிறுநூல் மறக்கவில்லை.

பறவை ஓவியத்தை அவர் ஏன் விட்டார் என்ற கேள்விக்கும் நூல் ஒரு வரியில் பதில் சொல்லி நகர்கிறது. 1836இல் கூல்டுக்கு எழுதிய கடிதத்தில், கண்பார்வை கெட்டுக்கொண்டே வருவதால் தீக்கோழிக்குக் குறைந்த பறவை எதையும் இனி வரைய முடியாதுபோல் இருக்கிறது என்று லியர் எழுதினார். இறகுக்கு இறகு நுணுகிப் பார்த்து உழைத்த கண்கள் அவை. மறு ஆண்டு இத்தாலிக்குப் புறப்பட்டு, நிலக்காட்சி ஓவியராக மாறினார்; விக்டோரியா அரசிக்குச் சில நாட்கள் ஓவியம் கற்பித்தார்; 60 வயதைக் கடந்த பின், அரசப் பிரதிநிதியாக இருந்த நார்த்புரூக் பிரபுவின் அழைப்பில் 1873 முதல் 1875 வரை இந்தியாவைச் சுற்றி, மாமல்லபுரத்தையும் தஞ்சாவூரையும் திருச்சிராப்பள்ளியையும்கூட வரைந்தார். 1888இல் இத்தாலியின் சான் ரெமோவில் இறந்தார். பறவைகளுக்கு அவர் திரும்பவேயில்லை.

பெயர்க்குறிப்புகளிலும் ஒரு விடுபாடு உண்டு. தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் வாழும் பாடின் கருங்காக்கட்டூ என்னும் கிளியின் அறிவியல் பெயருக்குப் பின்னால், அதை முதலில் வெளியிட்டவர் என்ற முறையில், லியரின் பெயரும் 1832 என்ற ஆண்டும் இன்றும் எழுதப்படுகின்றன. அந்தப் படம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. அதன் அடியில் இந்தச் செய்தி இல்லை. நாளின் ஒரு பகுதியைச் சிறகு அளப்பதிலும் மறு பகுதியைக் கல்லின் முன் குனிந்திருப்பதிலும் செலவிட்ட 20 வயது இளைஞருக்கு அறிவியல் அளித்த நிலையான இடம் அது. ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

பொதியைப் பற்றியும் சொல்லவேண்டும். எனக்கு வந்த பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, மேலிருந்த இரண்டு தாள்களின் முனை மடிந்திருந்தது. எழுதியதும் அந்த இரண்டு தாள்களை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். பதினொரு நாட்கள் ஆயிற்று. மெல்லிய பட்டுத்தாள் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் இருப்பது நல்ல ஏற்பாடு. தாள்கள் தைக்கப்படாமல் தனித்தனியாக இருப்பதால், வேண்டியதை எடுத்துப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்க முடிகிறது. கட்டிய நூலில் இந்த வசதி கிடையாது.

சுவரில் மாட்ட ஒரு வண்ணக்கிளி வேண்டும் என்பவருக்கு இந்தப் பெட்டி தேவைக்கு மிஞ்சியது. நூலக இணையதளங்களில் கிடைக்கும் உயர்தர நிழற்படம் ஒன்றை நல்ல அச்சகத்தில் கொடுத்து, நிறத்தை ஏற்றவேண்டாம் என்று சொல்லி அச்சிட்டுக்கொண்டால் செலவும் குறையும், நீலமும் பிழைக்கும். பறவையை வரையப் பழகுபவர்கள் வாங்கலாம், ஆய்வுத்தாள்களுக்காக. என் பெட்டியில் படத்தாள்கள் பட்டுத்தாளுக்குள் திரும்பிப் போய்விட்டன. வேடிக்கை பார்த்தவர்களின் முகங்கள் உள்ள அந்த ஒரு தாள் மட்டும், வெயில் படாத பக்கமாக, மேசைமேல் இருக்கிறது.